பழைய புல்லட் கிளட்ச்: எந்த முனையிலிருந்து சரிசெய்வது?

கேள்வி இதுதான்: எண்பதுகளில் வந்த புல்லட் 350, வலது காலில் கியர். மேடு ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி போவதில்லை. மெக்கானிக்கிடம் காட்டியபோது கேபிளை டைட் செய்து கொடுத்தார். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் முன்பைவிட மோசம். இப்போது சிக்னலில் நியூட்ரலும் விழுவதில்லை. கிளட்ச் பிளேட் செட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பிளேட் தேய்ந்திருக்கவும் கூடும், ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் பிளேட் மேல் இல்லை, கேபிளை டைட் செய்ததன் மேல்தான். கிளட்ச் ஸ்லிப் ஆகிற, அதாவது வழுக்குகிற, வண்டியில் கேபிளை இறுக்கினால் ஸ்லிப் கூடுமே தவிரக் குறையாது. இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் இறுக்குகிறோம், அது பிடிக்கிறது. அதே பழக்கத்தில் கிளட்சையும் இறுக்கிவிடுகிறார்கள். பிரேக்கில் நம் கை அழுத்துவதால்தான் பிடிப்பு வருகிறது. கிளட்சில் பிடிப்பைத் தருவது ஸ்பிரிங். நம் கை செய்வது அந்தப் பிடிப்பை விடுவிப்பது மட்டும். லீவரைத் தொடாதபோதும் கேபிள் விறைப்பாக இருந்தால், யாரோ எந்நேரமும் கிளட்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டுவதாகத்தான் அர்த்தம். ஸ்பிரிங்கின் முழு பலமும் பிளேட்டுக்குப் போய்ச் சேராது.

இந்த வண்டியில் கிளட்ச் எங்கே இருக்கிறது, அதை எது தள்ளுகிறது என்று மனதில் ஒரு படம் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இடது பக்கம் நீளமாக ஒரு அலுமினியக் கவர் இருக்கிறதே, அதற்குள் முன்னால் எஞ்சின் சுழற்றும் பல்சக்கரமான கிராங்க் ஸ்ப்ராக்கெட், பின்னால் கிளட்ச் டிரம், இரண்டையும் இணைக்கும் இரட்டை வரிசை பிரைமரி செயின். எல்லாம் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறது. டிரம்முக்குள் உராய்வு பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். வெளியே பிரஷர் பிளேட், அதன் மேல் ஸ்பிரிங்குகள். ஆனால் கேபிள் வந்து சேருவது இடது பக்கம் இல்லை, வலது பக்கம் கியர்பாக்ஸ் கவருக்குள். அங்கே ஒரு சின்ன லீவர் இருக்கிறது. கேபிள் இழுத்தால் அந்த லீவர் ஒரு இரும்புக் கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி, நடுவில் துளையுள்ள கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் வழியாக வண்டியின் குறுக்கே போய், இடது பக்கத்தில் பிரஷர் பிளேட்டை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. புஷ் ராடு என்பது இதுதான். பிளேட்டுகள் தளர்கின்றன, கிளட்ச் விடுகிறது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி கட்ட ஆரம்பித்த காலத்து அமைப்பு இது. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப்போனது. இங்கே மட்டும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சினும் நாலு கியர் ஆல்பியன் கியர்பாக்ஸும் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடின. அதனால் கீழே சொல்வது எழுபதுகளின் வண்டிக்கும் தொண்ணூறுகளின் வண்டிக்கும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இடது காலில் ஐந்து கியர் வந்த பிறகான வண்டிகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். லீவரில் இருக்கும் லூஸ், அதாவது ப்ளே, இரண்டு காரணங்களால் மாறும், அவை இரண்டும் எதிரெதிர் திசையில் வேலை செய்யும். கேபிள் நாளாக ஆக நீளும், அப்போது ப்ளே அதிகமாகும். உராய்வு பிளேட் தேய்ந்தால் நடப்பது வேறு. அடுக்கின் உயரம் குறைகிறது, பிரஷர் பிளேட் உள்ளே இறங்குகிறது, அது புஷ் ராடை வலது பக்கம், கியர்பாக்ஸ் லீவரை நோக்கித் தள்ளுகிறது. அப்போது ப்ளே குறையும். ஒரு கட்டத்தில் ப்ளே பூஜ்யமாகி, ராடு லீவரில் முட்டிக்கொண்டு நிற்கும், ஸ்லிப் தொடங்கும். அதாவது தேய்மானத்தால் வந்த ஸ்லிப்புக்கு முதல் வைத்தியம் கேபிளைத் தளர்த்துவது. பல வண்டிகளில் அந்த ஒரு காரியத்திலேயே பிளேட் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

கையை வைப்பதற்கு முன் நோய் என்ன என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். ஸ்லிப் ஒன்று, டிராக் ஒன்று. கிளட்ச் பிடிக்காமல் வழுக்கினால் ஸ்லிப், விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் டிராக். உங்கள் வண்டியில் இரண்டும் இருப்பது போலத் தெரிகிறது.

ஸ்லிப்பைப் பார்க்க நல்ல ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்க முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் அதே இடத்தில் நின்றால் ஸ்லிப். புல்லட்டில் இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கிக்கரின் பலம் கியர்பாக்ஸுக்குள் நுழைந்து, கிளட்ச் வழியாக, பிரைமரி செயின் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அதனால் கிளட்ச் வழுக்கினால் கம்ப்ரஷன் இருக்கும் இடத்தில்கூட கிக்கர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிவிடும். ஆனால் கிக்கர் சறுக்குவதெல்லாம் கிளட்ச் குற்றம் இல்லை. உள்ளே கிக்கரைப் பற்றவைக்கும் கொக்கியும் (கிக் பால்) அது மாட்டும் பல்சக்கரமும் (ராட்செட்) தேய்ந்தாலும் சறுக்கும். அப்படியானால் 'கடக் கடக்' என்று பல் தாண்டும் சத்தம் கேட்கும். சந்தேகமாக இருந்தால் எஞ்சினை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். கம்ப்ரஷன் தடுத்து வண்டி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது, கிக்கரைத்தான் பார்க்க வேண்டும்.

டிராக்குக்கு அடையாளம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: எஞ்சின் ஓடும்போது நியூட்ரல் விழாது, முதல் கியர் போடும்போது 'டமார்' என்று விழும், கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். வலது பக்கம் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறது, நியூட்ரல் ஃபைண்டர். இரண்டு, மூன்று, நாலில் எதிலிருந்தும் குதிகாலால் அழுத்தினால் நியூட்ரலுக்கு வந்துவிடும், முதல் கியரிலிருந்து மட்டும் வராது. அருமையான ஏற்பாடு. ஆனால் டிராக் இருக்கும் வண்டியை வருஷக்கணக்கில் அந்த லீவரை மிதித்தே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வசதி இருப்பதால் நோய் தெரிவதில்லை. டிராக்கைச் சோதிக்க எஞ்சின் ஓட வேண்டியதில்லை. நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதியுங்கள். எஞ்சின் சுற்றாமல் கிக்கர் லேசாகப் போனால் கிளட்ச் சுத்தமாக விடுகிறது. கம்ப்ரஷன் காலில் தட்டினால் விடவில்லை.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெயால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து மிதி மிதிப்பது பழைய புல்லட்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம். அது சடங்கு இல்லை, பிளேட்டைப் பிரிக்கும் வேலை. அந்த முதல் மிதியில் தட்டுவதை வைத்து டிராக் என்று முடிவு கட்ட வேண்டாம். பிரிந்த பிறகும் தட்டுகிறதா என்று பாருங்கள்.

சரி, இனி அட்ஜஸ்ட்மென்ட். வண்டி குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். முதலில் கேபிளில் இருக்கும் எல்லா அட்ஜஸ்டரையும் முழுக்க உள்ளே திருகி, கேபிளைத் தொளதொளவென்று ஆக்கிவிடுங்கள். கேபிளின் நடுவழியில் ஒன்று இருக்கும், சில வண்டிகளில் ஹேண்டில் லீவர் பக்கத்திலும் ஒன்று இருக்கும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லா அளவும் பொய்யாகிவிடும். மெக்கானிக்குகள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஹேண்டில் பக்கம் கைக்கு எட்டுகிறது, ஸ்பேனர்கூட வேண்டாம், அதைத் திருகிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. வாங்கியதிலிருந்து அந்த மூடி திறக்கப்படாத வண்டிகள்கூட உண்டு, ஸ்க்ரூ தலை துருவேறி, பெயின்டுக்குள் புதைந்திருக்கும்.

கியர்பாக்ஸின் வலது வெளிக்கவரில் ஸ்க்ரூ போட்ட சின்ன மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே கிளட்ச் லீவரும், அதில் ஒரு அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும், அதைப் பூட்டும் லாக் நட்டும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்துங்கள். இந்த வண்டிகளில் பல இடங்களில் இன்ச் கணக்கு நட்டுகள்தான். மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல உட்கார்ந்து, பலம் கொடுக்கும்போது முனையை மழுங்கடித்துவிடும். ஆடாமல் உட்காரும் ஸ்பேனர் கிடைத்த பிறகு கை வையுங்கள்.

இப்போது ஸ்க்ரூ டிரைவரால் நடு ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள், விரல் நுனியால் திருகும் அளவுக்கு லேசாக. புஷ் ராடில் போய்த் தொட்டதும் கைக்குத் தெரியும், திருகு சட்டென்று கனக்கும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் பிளேட்டைத் திறக்க ஆரம்பித்துவிடுவீர்கள். தொட்ட இடத்திலிருந்து கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை பின்னால் எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றிவிடுவது சகஜம். அதனால் இறுக்கிய பிறகு உள் லீவரை விரலால் ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் செய்ய வேண்டியதுதான்.

இது முடிந்த பிறகுதான் கேபிள். நடுவில் இருக்கும் அட்ஜஸ்டரை வெளியே திருகிக்கொண்டே வந்து, ஹேண்டில் லீவரின் அடியில் கேபிள் உறை 2 முதல் 3 மி.மீ. நகரும் அளவுக்கு ப்ளே விடுங்கள். அளவை லீவரின் நுனியில் எடுக்காதீர்கள். உறை லீவர் தாங்கியில் உட்காரும் இடத்தில் எடுங்கள். நுனியில் பார்த்தால் இது ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே தெரியும், அதைப் பார்த்து 'இவ்வளவு லூஸா' என்று பயந்து மறுபடி இறுக்கிவிட வேண்டாம். ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி இரண்டு நிலையிலும் ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ப்ளே காணாமல் போனால் கேபிள் போகும் பாதை சரியில்லை, டேங்க் அடியில் எங்கோ மடங்குகிறது அல்லது குட்டையான கேபிள் போட்டிருக்கிறார்கள்.

இப்படி ஏன் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்? ப்ளேயை எந்த முனையில் எடுத்தாலும் கைக்கு ஒன்றுபோலத்தானே தெரியும் என்று கேட்கலாம். கைக்குத் தெரியும், ராடுக்குத் தெரியாது. உள் லீவர் ஒரு அச்சில் சுற்றுகிறது. கேபிள் அதைச் செங்குத்தாக இழுக்கும்போதுதான் முழு அசைவும் ராடுக்குப் போகும். கேபிளிலேயே எல்லாவற்றையும் இழுத்து வைத்தால், கை தொடுவதற்கு முன்பே உள் லீவர் தன் பயணத்தில் பாதி வழி வந்து நிற்கும். மீதிப் பயணத்தில் கோணம் சரிந்து, ராடு தேவையான தூரம் தள்ளப்படாமல் போகும். சில வண்டிகளில் லீவர் கவரிலேயே போய் இடிக்கும். அதனால்தான் ஒரே வண்டியில் ஸ்லிப்பும் டிராக்கும் சேர்ந்து வருகின்றன. கையை விட்டிருக்கும்போது முழுக்கப் பிடிப்பதில்லை, கையால் பிடிக்கும்போது முழுக்க விடுவதில்லை. உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு ரவுண்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு ப்ளேயை மறுபடி பாருங்கள். அலுமினியக் கவரும் இரும்பு ராடும் சூட்டில் ஒரே அளவுக்கு விரிவதில்லை, அதனால் அளவு கொஞ்சம் மாறும். மாறலாம், பூஜ்யம் மட்டும் ஆகக் கூடாது. பலருக்கு இதில் பதினைந்து நிமிஷ வேலையோடு பிரச்சினை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் அடுத்து புஷ் ராடைப் பாருங்கள். ப்ளே இல்லாமல் நீண்ட நாள் ஓடிய வண்டியில் ராடின் முனை எந்நேரமும் அழுத்தத்தோடு உரசிக்கொண்டே இருந்திருக்கும். அந்தச் சூட்டில் முனை நீலம் பாரித்து, கெட்டித்தன்மை போய், மழுங்க ஆரம்பிக்கும். அப்புறம் எத்தனை முறை அட்ஜஸ்ட் செய்தாலும் நாலு நாளில் ப்ளே மாறிவிடும், ஏனென்றால் ராடே தேய்ந்து குட்டையாகிக்கொண்டிருக்கிறது. முனை நீலமாக இருந்தால் ராடை மாற்றுங்கள், அரத்தால் ராவிப் போடாதீர்கள். கெட்டியாக இருந்தது மேல்தோல் மட்டும்தான், அதைச் சுரண்டிவிட்டால் உள்ளே மென்மையான இரும்புதான் இருக்கும். இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் ராடின் வழியில் ஒரு சின்ன ஸ்டீல் குண்டு இருக்கும். ராடை உருவும்போது அது கிரீஸில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து தரையில் உருண்டுவிடும். திரும்ப மாட்டிய பிறகு எவ்வளவு திருகினாலும் ஸ்க்ரூ ராடைத் தொடவில்லை என்றால், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

கேபிளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கை கனக்கிறது என்று ஸ்பிரிங்கைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கேபிள்தான் குற்றவாளி. மேல் முனையைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிக் கேபிள் உறையில் இறுக்கிக் கட்டி, அதில் மெல்லிய எண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டால் ராத்திரிக்குள் கீழ் முனையில் சொட்டும். உள்ளே நைலான் குழாய் வைத்த புதிய கேபிளுக்கு இது தேவையில்லை, கெட்டி கிரீஸ் வைத்தால் கெடுதலும்கூட. லீவர் துளையில் கேபிளின் குமிழ் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அந்த இடத்தில் மடங்கும், இழை இழையாக அறுந்து ஒருநாள் நடு ரோட்டில் கையோடு வரும்.

லீவரையே மாற்றியிருந்தால் அதையும் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு வரும் லீவர்களில் லீவர் சுழலும் திருகாணிக்கும் கேபிள் முனைக் குமிழுக்கும் உள்ள தூரம் இரண்டு வகை: 22 மி.மீ. ஒன்று, 27 மி.மீ. ஒன்று. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தூரம் குறைவானதில் கைக்கு லேசாக இருக்கும், ஆனால் கேபிளைக் குறைவாக இழுக்கும். அழகுக்காக வேறு லீவர் மாட்டிய பிறகு டிராக் வந்திருந்தால், பழையதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கு ஒரு கட்சி. இடது கவருக்குள் இருக்கும் பிரைமரி கேஸுக்குத் தனியாக எண்ணெய், அது எஞ்சின் ஆயிலோடு கலப்பதில்லை, 400 மில்லி சொச்சம் பிடிக்கும். வண்டியை நேராக நிறுத்தி, லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளை வழியாக வடியும் வரை ஊற்றி மூடினால் அளவு சரி. அதிகம் ஊற்றினால் பிளேட் எண்ணெயில் மிதந்து வழுக்கும், குளிரில் இழுக்கும். 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில் போடுபவர்களும் உண்டு, ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் போடுபவர்களும் உண்டு. இரண்டாவது மெல்லியது, காலை நேரத்து ஒட்டலும் டிராக்கும் அதில் குறைவு, என் ஓட்டு அதற்குத்தான். எஞ்சின் ஆயிலே போடுவதென்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நனைந்த கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக்குறி அது. பெட்ரோல் மிச்சம், உராய்வு குறைவு என்று விளம்பரப்படுத்தும் கார் ஆயில் கிளட்சுக்கு ஆகாது. அந்த உராய்வுதான் நமக்கு வேண்டியதே. சமீபத்தில் ஆயில் மாற்றியதிலிருந்து ஸ்லிப் என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை வடித்துவிட்டு மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் இடது கவரைத் திறக்கலாம். புல்லட்டில் அது சுலபம்: எண்ணெயை வடித்து, ஃபுட் ரெஸ்ட்டையும் அந்தப் பக்கத்தில் இருக்கும் பிரேக் பெடலையும் விலக்கிவிட்டால், மொத்தக் கவரும் நடுவில் இருக்கும் ஒரே நட்டில்தான் நிற்கிறது. திரும்ப மாட்டும்போது எண்ணெய் கசியக் கூடாது என்று அந்த நட்டில் பலத்தைக் காட்டினால் கவர் வளைந்து இன்னும் கசியும். சுற்றியிருக்கும் ரப்பர் சீல் புதிதாக இருந்து, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் அளவான இறுக்கம் போதும்.

கவர் இல்லாமல் ஒருவரைக் கிளட்ச் லீவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பிரஷர் பிளேட்டைப் பாருங்கள். நேராக எழும்புகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து எழும்புகிறதா? லீவரைப் பிடித்தபடியே கிக்கரை மெல்ல அழுத்தினால் பிளேட் சுற்றும், கோணல் இருந்தால் தட்டாமாலை போலத் தள்ளாடும். கோணலாக எழும்பினால் ஒரு பக்கம் பிளேட் விலகியும் இன்னொரு பக்கம் ஒட்டியும் இருக்கும், டிராக்குக்கு இது பெரிய காரணம். புல்லட்டில் ஸ்பிரிங் மூடியைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூக்களும் கடைசி வரை இறுகியிருக்க வேண்டும். அவற்றைக் கூட்டிக் குறைத்து டென்ஷன் வைக்கும் அமைப்பு இதில் இல்லை. 'கை லேசாக இருக்கட்டும்' என்று யாராவது அவற்றை இரண்டு சுற்று தளர்த்தி வைத்திருந்தால் ஸ்லிப்புக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. மூன்றும் இறுகியும் கோணல் இருந்தால் ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக மேஜையில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு குட்டையாக இருக்கும். குட்டையானதை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள்.

டிரையம்ப், பி.எஸ்.ஏ. போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் வண்டிகள் பலவற்றில் ஸ்பிரிங் நட்டுகளைத் தனித்தனியாகத் திருகிப் பிரஷர் பிளேட்டை நேராக்க முடியும், நேராக்கவும் வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் (யூனிட் எஞ்சின்) இரட்டை சிலிண்டர் டிரையம்ப்களில் ராடு அட்ஜஸ்டரும் இடது பக்கம் பிரஷர் பிளேட்டின் நடுவில்தான் இருக்கும். முறை அதேதான்: கேபிளைத் தளர்த்து, ராடைச் சரிசெய், கடைசியில் கேபிள். யெஸ்டி, ஜாவா தனி ஜாதி, கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் விடும் ஏற்பாடு அதில் உண்டு. அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

மறுபடி புல்லட்டுக்கு வருவோம். பிளேட்டுகளை உருவும்போது ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையும் எந்த முகம் வெளியே என்பதும் மாறக் கூடாது. ஸ்டீல் பிளேட்டை ஒரு கண்ணாடி மேல் வைத்து விரலால் ஓரங்களை அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. ஸ்லிப் ஆகும் கிளட்சோடு மலை ஏறிய வண்டிகளில் இது அடிக்கடி பார்க்கக் கிடைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் அரை கிளட்சில் ஏறினால் வேறு என்ன ஆகும்? நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். உராய்வு பிளேட் கண்ணாடி போல மினுமினுத்தால், அதைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்துப் போடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். ஊர் போய்ச் சேர அது உதவும். ஒரு மாதத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பிளேட்டைவிட முக்கியமாக நான் பார்ப்பது டிரம்மின் பள்ளங்களை. உராய்வு பிளேட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் டிரம்மின் வெட்டுகளில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் இடித்து இடித்து அங்கே சின்னச் சின்னப் படிக்கட்டுகளை உண்டாக்கியிருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். கிளட்ச் லீவரைப் பிடிக்கும்போது பிளேட் அந்தப் படியில் மாட்டிக்கொண்டு நகராது. எத்தனை புது பிளேட் போட்டாலும் டிராக் தீராததற்குக் காரணம் இதுதான். படி லேசாக இருந்தால் தட்டை அரத்தால் ராவி நேராக்கலாம், எல்லா வெட்டிலும் ஒரே அளவுக்கு. ஆழமாக இருந்தால் டிரம் மாற்ற வேண்டும், ராவினால் காது ஆடி இன்னும் வேகமாக இடிக்கும். டிரம்முக்கு நடுவில், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் இருக்கும் ஹப்பில் ஸ்டீல் பிளேட் உட்காரும் இடத்திலும் இதே சோதனை செய்யுங்கள்.

கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினையும் பார்த்துவிடுங்கள். நடுவில் மேலும் கீழும் சுமார் 6 மி.மீ. ஆட வேண்டும், அதுவும் செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில். எஞ்சினை மெல்லச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்தால் அந்த இடம் தெரியும். செயின் விறைப்பாக இருந்தால் டிரம் ஒரு பக்கம் இழுபட்டு ஓடும், பேரிங் கெடும், கிளட்ச் நேராக விடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், பிளேட் மாற்றலாமா? ராடு ஸ்க்ரூவில் அரைச் சுற்று இடைவெளி விட்டு, கேபிளில் 3 மி.மீ. ப்ளே விட்டு, சரியான எண்ணெயும் ஊற்றிய பிறகும் நாலாவது கியரில் வழுக்கினால் மாற்றுங்கள். அப்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய ஸ்பிரிங்கோடு புது பிளேட் போடுவது பாதி வேலை. சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடலாம், ஆனால் புது பிளேட்டைக் கடையிலேயே பழைய பிளேட்டின் மேல் வைத்துக் காதுகள் பொருந்துகின்றனவா, தடிமன் சரியா என்று பார்த்து வாங்குங்கள். 350-க்கும் 500-க்கும் பாகங்கள் எல்லாம் ஒன்றல்ல. புது பிளேட்டைப் போடுவதற்கு முன் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

புது பிளேட் போட்டதும் அடுக்கு உயரம் கூடும், ராடு இடது பக்கம் போய்விடும், ப்ளே திடீரென்று அதிகமாகத் தெரியும். அதனால் கியர்பாக்ஸ் ஸ்க்ரூவிலிருந்து முழு அட்ஜஸ்ட்மென்டையும் மறுபடி செய்ய வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டரில் பிளேட் படிந்து, ப்ளே மறுபடி குறைய ஆரம்பிக்கும். அந்த நாட்களில் வாரத்துக்கு ஒரு முறை கேபிள் உறையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் குறைந்திருந்தால் கேபிள் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் உள்ளே திருகித் தளர்த்தினால் போதும்.